பிரிக்காத பெட்டி

என் அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. மூடியில் சிவப்பு பஸ் படம், புரியாத அயல்நாட்டு எழுத்து. குறுக்கும் நெடுக்குமாக நீல நைலான் நூல், நடுவில் வலைக்குப் போடுகிற ரெட்டை முடிச்சு. போட்டது நைனா, என் அப்பா. போன மாதம் என் மகன் அதைக் கீழே எடுத்து வைத்து, பழைய தகரப் பொம்மைகளை இணையத்தில் விற்கிறார்கள், பிரிக்காத பெட்டிக்குத்தான் மவுசு என்றான். நைனா நாற்பது வருடங்களுக்கு முன்பே சொன்னதைத்தான் அவன் ஏதோ புதுச் செய்தி போலச் சொன்னான்.

எங்கள் ஊர் தோணிரேவில் வீடு உப்பேரியைப் பார்த்திருந்தது. நைனாவுக்குத் தொழில் வலைபோட்டு இறால் பிடிப்பது. லாரியோடு மெட்ராஸ் போய் இறக்கிவிட்டு வருவார். துறைமுகத்துப் பக்கம் கப்பல்காரர்கள் விற்கும் சாவி பொம்மைகளை வாங்கிவந்து, பொம்மை சேர்க்கிற ஒரு கண் டாக்டருக்கு விற்பது உபதொழில். டாக்டர் அவற்றைக் கண்ணாடிப் பீரோவில் வைத்துப் பார்ப்பாராம், அவ்வளவுதான். விளையாடாத பொம்மைக்குக் காசு கொடுக்கிற மனிதரை ஊரே நம்பவில்லை. நைனா நம்பினார். வாங்கும்போது ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு நூலால் கட்டி, உப்புக்காற்று படாமல் தகர டிரம்மில் உமிக்குள் புதைத்து வைப்பார். "முடிச்சு கலைஞ்சா கண்டுபுடிச்சுடுவேன்" என்று எங்களிடம் பொதுவாகச் சொல்வார். சொன்னது தம்பிக்கு.

தம்பிக்கு அப்போது ஏழு வயது. தீப்பெட்டியில் சோடாமூடிச் சக்கரம் வைத்து பஸ் ஓட்டுவான். ஏரிக்கரையில் பொறுக்கிய பொடிச் சிப்பிகள்தான் பயணிகள். "பொன்னேரி, பொன்னேரி, திருப்பாலைவனம் எறங்கு" என்று ஈரச் சேற்றில் தள்ளிக்கொண்டே போவான். சிவப்பு பஸ் வந்த நாளிலிருந்து தீப்பெட்டி அவனுக்குக் கசந்துவிட்டது. "நைனா, ஒரே ஒரு தபா சாவி குடு நைனா" என்று பின்னாலேயே அலைந்தான். "பிரிச்சா போச்சுடா. டாக்டரு வாங்கமாட்டாரு. அடுத்த தபா உனக்குன்னு ஒண்ணு வாங்கியாறேன்" என்றார் நைனா. பொய் சொல்லவில்லை, வாங்கத்தான் நினைத்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. இறால் லாரியிலேயே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதே லாரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் அழவில்லை. யாரோ கையில் கொடுத்த பன்னைத் தின்றேன். அதன் இனிப்பு நன்றாக நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் படையலுக்கு அவனுக்குப் பிடித்ததையெல்லாம் விளக்கின் முன் வைத்தார்கள். நைனா உமியைக் கிளறி பஸ் பெட்டியை எடுத்துவந்து வாழையிலை ஓரமாக வைத்தார். "பெட்டியோட வெச்சா கொயந்த எப்டி வெளாடும்? பிரிச்சு வை" என்றாள் அம்மா. நைனா முடிச்சில் விரலை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். "கை வரல" என்றார். பெட்டி கட்டியபடியே படையலில் இருந்தது.

டாக்டர் ஆள்விட்டுக் கேட்டபோது நைனா பெட்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ கலகலத்தது. ஸ்பிரிங் விட்டுப்போச்சு, உடைந்ததை விற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பின் அவர் பொம்மை வாங்கவேயில்லை. கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியபோதும் ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்வார்: "புள்ளைக்கு ஒரு தபா சாவி குடுக்கல நான்." கேட்டுக் கேட்டு எனக்கு மரத்துப்போயிருந்தது. சோறு ஊட்டிக்கொண்டே, ஆமாம் நைனா என்பேன்.

விற்கப் படம் எடுக்கவேண்டும், ஒரு தடவை திறக்கலாமா என்று போன மாதம் மகன் கேட்டான். சரி என்றேன். முடிச்சை நானே அவிழ்த்தேன்.

பஸ்ஸின் சக்கர இடுக்குகளில் கறுப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முன்பக்கச் சிவப்பு தேய்ந்து தகரம் தெரிந்தது. ஆட்டினேன், கலகலத்தது. ஜன்னல் வழியே விரலைவிட்டு எடுத்தேன். பொடிச் சிப்பிகள். ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் இறங்கின.

வலைமுடிச்சை நம்பிப் பூட்டியிருக்கிறார் நைனா, வலைக்காரன் வீட்டில். அந்த முடிச்சைப் போடத் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் யார்?

"இது வெளாடின பொம்மைம்மா. இனிமே வெல போவாது" என்றான் மகன்.

நைனாவிடம் சொல்லவேண்டும் என்று இருந்தது. சொல்ல அவர் இல்லை. சிப்பிகளை ஜன்னல் வழியே திரும்ப ஏற்றினேன். பெட்டியை மூடி, அதே நூலால் அதே முடிச்சைப் போட்டு, மேல்தட்டில் வைத்துவிட்டேன்.