கள்ளிக்குப்பத்துக் கண்ணாடிக் கதவு

சொர்ணத்தின் இடது கை மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. வாதம் வந்த வலது கை மடியில் கிடந்தது. கட்டிலுக்கு எதிரே, துருப்பிடித்த பழைய தள்ளுகதவைக் கதவு மாட்டும் ஜேம்ஸ் பெயர்த்துக்கொண்டிருந்தான். 1996 கோடை. கள்ளிக்குப்பத்து வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை எனக்கு.

ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் காலமெல்லாம் மிஷின் மிதித்தவள். டாக்டர் முதுகைப் பார்க்க வேண்டும் என்றாலும், மகனை வெளியே அனுப்பிய பிறகுதான் முந்தானையை விலக்குவாள். வியர்வையில் படுக்கைப்புண் ஆறவில்லை என்று மகன் கலியமூர்த்தி ஏசி போட்டான். குளிரெல்லாம் பழைய கதவின் இடுக்கு வழியே போனது. அதனால்தான் ரப்பர் விளிம்பும் வெயில் தடுக்கும் கண்ணாடியும் வைத்த புதுக் கதவு.

“காத்து ஒரு பொட்டு வெளிய போவாது அண்ணாத்தே. வெளிய நின்னு பாத்தா உன் மூஞ்சிதான் தெரியும். ஸ்கிரீனே வேணாம்,” என்றான் ஜேம்ஸ். கலியமூர்த்தி வெளியே போய் நின்று பார்த்தான். அப்படியே தலையும் வாரிக்கொண்டான். கதவுத் திரையைக் கழற்றிப் போட்டான்.

புண் ஆறத் தொடங்கியது. ஆனால் சொர்ணம் சாப்பாட்டைக் குறைத்தாள். கொல்லை அடிபம்பில் மாலையில் தண்ணீர் அடிக்க வரும் பெண்கள் கதவருகே நின்று அவளோடு வம்பளப்பது வழக்கம். புதுக் கதவு வந்ததிலிருந்து ஒருத்தியும் வரவில்லை.

“சாவப் போறவதானேன்னு ஒதுங்கிட்டாளுங்க, நர்சம்மா. என்னை எங்கனா ஒரு ஹோம்ல வுடச் சொல்லு.”

மகனிடமும் சொன்னாள். அவன் விசாரிக்கத் தொடங்கினான்.

ஒருநாள் விளக்குப் போட்ட பிறகு அவளுக்கு உடம்பு துடைத்து, மருந்து காயட்டும் என்று விட்டுவிட்டு, அழுக்குத் தண்ணீரைக் கொட்டக் கொல்லைக்குப் போனேன். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். டியூப்லைட் வெளிச்சத்தில் சொர்ணம் ரவிக்கையில்லாமல் முழுசாகத் தெரிந்தாள். முதுகில் தடவிய மருந்தின் மஞ்சள்கூடத் தெரிந்தது. வெளியே இருட்டி உள்ளே விளக்கெரிந்தால் அந்தக் கண்ணாடி எதையும் மறைக்காது. உள்ளே இருந்த எங்களுக்கோ எங்கள் உருவம்தான் தெரிந்துகொண்டிருந்தது.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு வனஜா தலையைத் திருப்பிக்கொண்டு நின்றாள். “இப்பத்தான் பாக்கறியா நர்சம்மா? இதுக்குத்தான் நாங்கெல்லாம் தெருக் கொழாய்க்குப் போறோம். அத்தையாண்ட இத்த எப்பிடிச் சொல்றது?”

விளக்கை அணைத்துவிட்டுச் சொர்ணத்திடம் உள்ளபடி சொன்னேன். இடது கை சேலையை இழுத்துக் கழுத்துவரை மூடியது.

“ஆம்பளைங்க?”

“வனஜா தன் புருஷனைக் கொல்லைப் பக்கமே விடவில்லையாம்.”

இருட்டிலேயே சாப்பாடு கேட்டாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மறுநாள் காலையில் ஏசியை நிறுத்தச் சொல்லி, கதவை முழுசாகத் தள்ளவைத்து, வனஜாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வனஜா கீழே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“இன்னாடி, எத்தினி நாளா பாத்தே?”

“ஐயோ அத்தே, நான் எங்க பாத்தேன்!”

“பொய் சொல்லாத. புண்ணு ஆறிகினு வருதா, அத்தச் சொல்லு. இந்த நர்சம்மா எப்பப் பாத்தாலும் ஆறிடுச்சின்னுதான் சொல்லும்.”

வனஜா உள்ளே வந்து, என்னோடு சேர்ந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குனிந்து பார்த்தாள்.

“கீழ ஒரு எடம் இன்னும் செவப்பா கீது அத்தே,” என்றாள்.