வேணாம் என்று சொல்ல ஓர் ஆசை

ரேஷன் கடைக்கு அரிசி சில மாதம் தாமதமாக வரும். கருத்து மட்டும் தினமும் வந்து இறங்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கடையில் எடை போடுகிறவள் நான்.

நாய்க்கு மட்டும்

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மாதம் தவறாமல் காரில் வருவார். அரிசி கார்டுதான். வரிசையில் நிற்கும்போதே பிரசங்கம் ஆரம்பமாகிவிடும்: நம் வரிப்பணம், இலவசம், சோம்பேறித்தனம். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததற்குக்கூட என் தராசுதான் காரணம். "அப்புறம் உங்களுக்கு எதுக்கு சார் அரிசி?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மனிதர் அசரவே இல்லை.

"நாய்க்கும்மா. மனுசன் சாப்பிடற அரிசியா இது?"

ரேகை

அதே வரிசையில் நிற்பவர்தான் அஞ்சலை. கரும்பு வெட்டப் போகிறவர். கணவர் இல்லை, ஒரே மகள் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கைரேகை மெஷினுக்கும் அவர் விரலுக்கும் ஆகவே ஆகாது. "தலையில தேச்சு வை" என்று வரிசையே வைத்தியம் சொல்லும். ஒருநாள் நாலு தடவை தேய்த்து வைத்தும் ஏற்கவில்லை. "வேலை செய்யாம வாங்கித் தின்னா மெஷினுக்கே பொறுக்கல" என்றார் கார்க்காரர். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் தட்டிக் கேட்கவும் இல்லை, அது இன்னும் உறுத்துகிறது. அஞ்சலை உள்ளங்கையை விரித்து அவரிடம் நீட்டினார்.

"இன்னா சார், வூட்ல குந்திக்கினு இருந்தா ரேகை தேயுமா?"

எதுவும் வாங்காத கார்டு

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், கூட்டம் கலைந்தபின், அஞ்சலை என்னிடம் வந்து, எந்தப் பொருளும் வாங்காத கார்டு என்று ஒன்று இருக்கிறதாமே என்று விசாரித்தார். எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருவார்கள், அடையாளத்துக்கு மட்டும் உதவும் என்றேன். அன்றிலிருந்து மாதாமாதம் அரிசியை வாங்கிக்கொண்டு, அந்தக் கார்டைப் பற்றி ஆசை ஆசையாகக் கேட்பார். நானும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வேன்.

"யக்கா, எம் பொண்ணு வேலைக்குப் போவட்டும். அந்த சார் நிக்கறப்பவே வந்து, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவணும்."

பை இல்லாமல்

மகளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அடுத்த மாதம் அஞ்சலை நல்ல புடவை கட்டி, கையில் பை இல்லாமல் வரிசையில் நின்றார். பின்னாலேயே கார்க்காரர். முறை வந்ததும், "எனக்கு அரிசி வேணாம்" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்க்காரர் எட்டிப் பார்த்து, "அப்ப அதையும் எனக்கே போட்டுடும்மா" என்றார். ஊரே சிரித்தது. அந்தச் சத்தத்தில் அஞ்சலை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பேர அடிச்சிடாதீங்கக்கா. டெம்பரவரி வேலதான். அடுத்த மாசம் பையோட வந்தாலும் வருவேன்."

வந்தார், அவர் மறுபடியும் பை இல்லாமல் வரும் நாளுக்கு ஏங்கிக்கொண்டே நானும் மாதாமாதம் நாய்க்கு அரிசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.