மூடிக் கிடந்த வால்வு

இது கதையில்லை. உப்பளம் என்ற பகுதியில் நான் வார்டனாக இருக்கும் பெண்கள் விடுதியில் நடந்தது. ஏழாம் எண் அறையின் கூரையில் கரி இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில்.

எங்கள் விடுதியில் எல்லா அறைக் கூரையிலும் ஸ்பிரிங்ளர் உண்டு. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் கொட்டும். போன வருஷம் ஆயுத பூஜைக்கு அறை அறையாகச் சாம்பிராணி போட வேண்டியிருந்தது. புகை பட்டுத் தண்ணீர் கொட்டிவிட்டால் புது மெத்தைகள் என்னாவது? பராமரிப்பு வேலை பார்க்கும் சாமிக்கண்ணுவிடம், கீழே பம்ப் அறையில் அதற்கான வால்வை மூடச் சொன்னேன்.

“பொகைக்கெல்லாம் தொறக்காதும்மா. சூட்டுல அதுல இருக்கற கண்ணாடிக் குப்பி ஒடைஞ்சாதான் கொட்டும். அதுவும் தீ புடிச்ச எடத்துல மட்டும்தான்.”

“சொன்னதச் செய்யி.”

மூடினார். சாயங்காலம் திறந்துவிடச் சொன்னேனா, இல்லையா... இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அடுத்தடுத்த நாளும் இல்லை. போனும் எடுக்கவில்லை. பண்டிகைக் குடி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

நான்காம் நாள். மதியம் 2:35. பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நைட் டூட்டி முடித்த நர்ஸ் கவிநிலா மட்டும் ஏழாம் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டங்... டங்... டங்...

கூரைக் குழாயில் சத்தம். யாரோ கீழே இரும்பைத் தட்டுகிறார்கள். பம்ப் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது.

சாவி என் இடுப்பில் இருந்தது.

உள்ளே சாமிக்கண்ணு. வெறுங்கால். ஆஸ்பத்திரி வாசனை. இடது கையால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

“இப்பதான் போதை தெளிஞ்சுதா?” என்றேன்.

“வால்வு மூடியே கெடக்குதும்மா.”

“தொறக்க வேண்டியதுதான? அதுக்குத்தான ஆளு?”

“கை வரலம்மா... நீங்க திருப்புங்க.”

முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினேன். ஸ்ஸ்ஸ்... குழாயில் தண்ணீர் ஏறியது.

மணி 2:47.

திரும்பினேன்.

யாருமில்லை...

ஈரத் தரையில் என் காலடி மட்டும்.

3:05. ஏழாம் அறையில் அலறல். பக்கத்துக் கட்டிலில் யாரோ சார்ஜில் போட்டுவிட்டுப் போன லேப்டாப் வெடித்து மெத்தை பற்றியிருந்தது. அதற்கு மேலே இருந்த ஒரே ஒரு குப்பி உடைந்து தண்ணீர் கொட்டியது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் நெருப்பு அடங்கிவிட்டது. கவிநிலா தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டு, உயிரோடு வெளியே வந்தாள். மற்ற அறைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் புது மெத்தைகள் காய்ந்தே கிடந்தன.

மன்னிப்புக் கேட்கத்தான் சாமிக்கண்ணுவுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி அஞ்சலாட்சி எடுத்தார்.

“அவரு காத்தால பத்தே காலுக்குப் போயிட்டாரும்மா...”

அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

“பூஜை அன்னிக்கி ராவு பஸ் ஸ்டாண்டுல உழுந்துட்டாரு. அதுலேர்ந்து பேச்சே இல்ல. வலது கைய மட்டும் சுத்திச் சுத்தி என்னத்தயோ திருப்பிக்கிட்டே இருந்தாரு. ஊசி பிச்சுக்கும்னு நர்சம்மா அந்தக் கையக் கட்டிலோட கட்டிட்டாங்க. கட்டுன கையோடவே உசுரு போச்சு.”

பிறகு அவரே கேட்டார்.

“ஏம்மா... அவரு என்னத்தத் திருப்புனாரு? உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?”

எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.