பேச்சியக்காவுக்கு வந்த கோடி

"சேச்சீ, நம்மட அக்கா போயி."

சாவுச் செய்தியை ஜோசி போனில் இவ்வளவில்தான் சொன்னான். கொச்சி மட்டாஞ்சேரியில் அக்காக்களுக்குப் பஞ்சமா? ஆனாலும் யார் என்று நான் கேட்கவில்லை. மாநகராட்சித் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேச்சியம்மாளை அறிந்த நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"அக்கா" என்ற சொல்லை எங்கள் ஊர் புழங்கும் விதம் எனக்கு எப்போதும் வேடிக்கைதான். மலையாளப் பெண் என்றால் சேச்சி, தமிழ்ப் பெண் என்றால் அக்கா. வயதெல்லாம் பிறகு. தலை நரைத்த ஓட்டுநர்கூட மகள் வயதுத் தமிழ்ப் பெண்ணை அக்கா என்பார். அதே பிரிவில் எழுத்தராக இருக்கும் நானும் தமிழ்தான். பாலக்காட்டு மலையாளம் வாயில் புரள்வதால் எனக்குச் சேச்சிப் பட்டம்.

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குக் கோபம் வராதா என்று ஒருமுறை பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"வந்துச்சு, மொதல்ல. நம்மளத் தனியாப் பிரிச்சு வைக்காங்களேன்னு. ஆனா நான் ஒத்தப் பிள்ள தாயி. சங்கரன்கோயில்ல ஒரு ஆளு என்னை அக்கான்னு கூப்ட்டதில்ல. எதுக்குச் சொன்னா என்ன, எனக்குக் கெடைச்சுதுல்லா?"

குப்பை வண்டி ஓட்டும் கும்பளங்கி ஜோசியை மட்டும் லேசில் விடமாட்டார். "அக்கான்னா சும்மா இல்லடா. நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி நீதான் கொண்டாரணும்."

"கோடி ஞான் ஓணத்தினு தராம் அக்கா. சாகண்டா" என்று சிரிப்பான். மலையாளத்தில் ஓணப் புதுத்துணிக்கும் கோடி என்றுதான் பேர், அதற்குச் சாக வேண்டியதில்லை. ஓணத்துக்குத் தந்தும் இருக்கிறான்.

அன்று அக்காவின் வீட்டில் உடலைக் குளிப்பாட்டி முடித்ததும் ஒரு பெரியவர், "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று கேட்டார். கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அக்காவின் கணவர் முருகையா தலையைக் குனிந்துகொண்டார். ஆளில்லாதவள் என்ற பேரோடு அவரை அனுப்பப் போகிறோமா?

அப்போதுதான் ஜோசி வந்தான், கையில் ஜவுளிக்கடைப் பையோடு. பிரித்தால் பொன்சரிகைக் கசவுக் கரை போட்ட வெள்ளைச் சேலை. அவனுக்குத் தெரிந்த கோடி அதுதான்.

"சுமங்கலிக்கு வெள்ளையா?" என்று ஒரு பெண் பதறினாள்.

"தெற்றிப்போயோ, சேச்சி?" தப்பாகிவிட்டதோ என்று ஜோசி என்னைப் பார்த்தான்.

முருகையா எழுந்தார். "அவ தம்பி எடுத்தது. மஞ்சளத் தடவிப் போத்துங்க."

பதறியவளே மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். ஜோசிதான் போர்த்தினான். நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திய ஜோசி, "அக்கா, சாயா குடிச்சோ?" என்றான். திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"அக்கான்னா சும்மா இல்ல, ஜோசி."

"அறியாம். இனி நெறம் நோக்கி எடுக்காம்." தெரியுமாம்; என் கோடியை நிறம் பார்த்து எடுப்பானாம்.

பேச்சியக்கா விட்டுப்போனதில் என்னிடம் வந்து சேர்ந்தது அந்த ஒரு சொல்தான். பாலக்காட்டில் எனக்குச் சொந்தத் தம்பிகள் உண்டு. இருந்தாலும் நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.