விமானத்தின் தலை யார் வீட்டில்

டெல்மா அத்தை என் ஏழு மரங்களைச் சாய்க்க வைத்ததை நான் பதினோரு வருஷமாக மறக்கவில்லை. ஏழும் குலை தள்ளிய எண்ணெய்ப் பனை. மண்ணுக்குள் இரும்பு தேட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கருவி என் தோட்டத்தில் கத்தியது. சண்டைக்கால விமானம் இங்கேதான் கிடக்கிறது என்றாள் அத்தை. வெட்டினேன். கிடைத்தது இறக்கைத் தகரம் இரண்டு துண்டு, என் தாத்தா பன்றி வேலிக்கு அடைத்தது.

அவளுக்கு அக்கறை விமானத்தின் மேல் இல்லை, ஓட்டி வந்து அதோடு விழுந்து செத்தவன் மேல்தான். அவனுடைய தங்கை மகள் பிரிஸ்பேனிலிருந்து கிறிஸ்துமஸ் தவறாமல் கடிதம் போடுவாள். விழுந்த இடம் தெரிந்தவர்களை எரிமலை வெடித்த வருஷம் சாம்பல் மூடிவிட்டது. அந்தச் சாம்பல்மேல்தான் இப்போது கம்பெனியின் பனை, வரிசை வரிசையாக. அத்தை சந்தையில் பாக்கு விற்பாள். மிச்ச நேரம் வீடு வீடாகப் போய்ப் பழைய தகரத்தைத் தடவிப் பார்ப்பாள்.

போன வருஷம் கம்பெனி கிழட்டு மரங்களைப் பிடுங்கி ஆழ உழப்போவதாகச் சொன்னது. போன மாதம் நாளும் குறித்தது: திங்கட்கிழமை டிராக்டர் வருகிறது. உழுதால் எலும்புகூட மிஞ்சாது. சனிக்கிழமை காலையில் அத்தை என் வாசலில் நின்றாள்.

“மருமவனே, மண்வெட்டிய எடு.”

“இன்னும் எத்தனை மரம் வேணும் உனக்கு? நானே படுத்துக்கறேன், என்னை வெட்டு.”

“உன்னை வெட்டினா ஒரு சொட்டு எண்ணெய் வராது. கேளு. கருவி கத்துற இடத்தைத் தோண்டினது என் முட்டாத்தனம். தகரத்த நம்மாளுங்கதான் ஊரெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்களே! சரி, பன்றி அடிச்சா தலை யாருக்கு?”

“யார் மண்ணுல விழுந்துச்சோ அவனுக்கு.”

“விமானத்தையும் அப்படித்தானே பங்கு போட்டிருப்பாங்க? அதுக்குத் தலைன்னா மூக்கு. மூக்கு யார் வீட்ல இருக்கு?”

நான் மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் வேதக்கோயிலில் மணியடிக்கும் ஜிம்சன், மணிக்குப் பதிலாக அடிப்பது அவன் தாத்தா வீட்டில் கிடந்த விமான மூக்கு விசிறியின் இறக்கையைத்தான்.

ஜிம்சன் நிலத் தகராறில் பலமுறை சாட்சி சொன்னவன்; பழைய எல்லையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் தாத்தாவின் சேம்புத் தோட்டம் எந்த இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருந்தது என்று கேட்டதும் கூட்டிக்கொண்டே போய்விட்டான். கம்பெனி மரங்களுக்கு நடுவே மூன்று குழி வெறுங்குழி. நாலாவதில், மார்பளவு ஆழத்தில், மண்வெட்டி ‘ணங்’கென்றது. எஞ்சின். பக்கத்தில் ஒரு பெல்ட் கொக்கி. அத்தை என் கையைப் பிடித்தாள்.

“போதும். இனிமே எலும்பெடுக்கன்னு இருக்கறவங்க வந்து மெதுவா எடுக்கட்டும்.”

மறுநாள் கம்பெனி மேலாளரைக் கோயில் வாசலில் மடக்கி, சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து குழிக்குள் எட்டிப் பார்க்க வைத்தாள். திங்கட்கிழமை டிராக்டர் அந்த வரிசைகளை விட்டுவிட்டுப் போனது.

அடுத்த மாதம் தங்கை மகள் வருகிறாள். அத்தை கண் ஆபரேஷனுக்கு லாயே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வண்டியில் ஏறும்போது சொன்னாள்: “அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ரோட்டுலேருந்து குழி வரைக்கும் புல்லை வெட்டி, ஓடை மேல ஒரு பலகை போட்டு வை.”