கண்ணை மூடி மதிப்பெண் போட்டவர்

விமான நிலைய ஓய்வுக்கூடங்களில் போய் உட்கார்ந்து, காபி குடித்து, நாற்காலியில் சாய்ந்து, பிறகு எல்லாம் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் ஒருவருடைய வேலை என்றால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்து அந்த வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். முக்கால் என்பவருக்கு இரண்டும் பழகிவிட்டன. அவருடைய மைத்துனர் மட்டும் ஆறு வருடமாகியும் ஆறவில்லை. "மாமா கொடுத்து வெச்சவரு. நாம காசு குடுத்து உக்காந்தா கூட்டம், அவரு உக்காந்தா உத்தியோகம்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்கால் என்பது மெத்தைத் தொழிற்சாலையில் வைத்த பெயர். அங்கே அவர் இருபத்தாறு ஆண்டுகள் தரம் பார்ப்பவராக இருந்தார். ஐம்பது மெத்தைக்கு ஒன்றை எடுத்துப் போடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கிடப்பார். பிறகு எழுந்து, நாலுக்கு இவ்வளவு என்று உறையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதுவார். மூன்றுக்கு மேல் எந்த மெத்தையும் வாங்கியதில்லை. முதலாளி தன் வீட்டுக்கென்று சொல்லிச் செய்த மெத்தைக்கும் அதே மூன்றுதான். ஏன் என்று முதலாளி கேட்டபோது, நாலுக்கு நாலு வாங்குகிற மெத்தையில் படுத்தவன் எழுந்து வந்து மார்க் போடமாட்டான் என்று பதில் சொன்னாராம்.

படுத்துப் பார்க்க ஒரு இயந்திரம் வந்ததும் தொழிற்சாலைக்கு அவர் முதுகு தேவைப்படவில்லை. மகள்தான் எங்கோ விளம்பரம் பார்த்து இந்த வேலைக்கு எழுதிப் போட்டாள். ஓய்வுக்கூடங்களை நடத்தும் நிறுவனம் ஒன்று, யாருக்கும் தெரியாமல் பயணி போலப் போய்ப் பார்த்துவரும் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. பயணி போல இருக்க வேண்டும், பயணியாகிவிடக் கூடாது. முக்காலுக்கு அது பொருந்தியது. மெத்தையில் படுத்தும் தூங்காமல் இருந்தவர் அல்லவா.

பழைய வேலையிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொள்வது. கண் விலைபோகிற சாட்சி என்பது அவர் கட்சி. ஒரு பூச்சாடியைக் காட்டினால் போதும், எதிராளி பக்கம் சாய்ந்துவிடும். முதுகும் காதும் அப்படியல்ல. நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததும் பத்து நிமிடம் கண்ணை மூடுவார். கதவு எத்தனை முறை அடிக்கிறது, தட்டுகளை அடுக்குகிறார்களா எறிகிறார்களா, ஊழியர்கள் தங்களுக்குள் எந்தக் குரலில் பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தார். காத்திருப்பவர்களைப் பற்றி அவருக்கும் ஒரு கட்சி உண்டு. "சோபா, பத்திரிகை எல்லாம் அப்புறம். நம்மள ஒருத்தர் கவனிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா போதும், வீங்கின கன்னத்தோட ஒரு மணி நேரம் உக்காருவாங்க." முக்கால் இதை மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் படிவத்தில் இருந்த எழுபத்திரண்டு கேள்விகளில் இதற்கு இடம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

இடம் இருப்பதாக நிறுவனம் நினைத்தது பதினான்காவது கேள்வியில். பயணி உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் ஊழியர் ஒருவர் அருகில் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்? பத்து நிமிடத்தைத் தாண்டினால் மற்ற எழுபத்தொன்றும் எப்படி இருந்தாலும் அந்தக் கூடம் தோல்வி. பார்க்கப்போனவர் தானாக யாரையும் கூப்பிடவும் கூடாது.

அந்தச் சிறிய விமான நிலையத்துக்கு அவரை அனுப்பியபோது கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அங்கே இருப்பது ஒரே ஓய்வுக்கூடம், ஐந்து ஊழியர்கள். போன முறை தோற்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் ஆட்களை எடுத்துவிட்டு, கதவுக்கு அட்டை காட்டித் திறக்கும் பூட்டும், உள்ளே இரண்டு பான இயந்திரங்களும் வைத்துவிடுவார்கள். அப்படியே அங்கிருந்து கிளம்பும் முக்கால் மணி நேர விமானத்தில் பிசினஸ் கிளாஸையும் பார்த்து எழுத வேண்டும்.

விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, ஏழே முக்காலுக்கு மாடியேறினார். மேசையில் இருந்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். போர்டிங் பாஸை வாங்கி, எண்ணைப் பார்த்துவிட்டு, முகத்தையும் பார்த்தார். ஒன்பது பத்துக்கு விமானம், கூப்பிடும்போது சொல்கிறேன் என்றார். உள்ளே இருபத்திரண்டு நாற்காலிகள். மூன்றின் கைப்பிடியில் தையல் விட்டிருந்தது. வாசலிலிருந்து காபி இயந்திரம்வரை கம்பளம் ஒற்றையடிப் பாதை போலத் தேய்ந்திருந்தது. சமையலறைக் கதவு போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று அடித்தது. ஏழு ஐம்பதுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தையல், கம்பளம், கதவு மூன்றையும் செல்பேசியில் குறித்துக்கொண்டார். அந்தப் பெண்மணி கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதிக்கு வெந்நீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். முக்கால் கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் கதவு அடித்தது. சமையல்காரரின் குரல் பக்கத்திலேயே கேட்டது.

"இந்த வாரம் எவனோ வர்றானாம் தங்கச்சி, மார்க் போட. போன தடவை வந்தவன் சூப்புல உப்பு இல்லன்னு எழுதிட்டுப் போனான். உப்பு டப்பா அவன் மூக்குக்கு முன்னாடிதான் இருந்துச்சு."

"மெதுவா பேசுங்கண்ணே. அந்த சார் தூங்கறாரு."

"தூங்கறதுக்கு வீடு இல்லையாமா?"

"பாவம், எத்தனை மணிக்கு எழுந்தாரோ. முகத்தைப் பாருங்க, எப்படி விழுந்து கெடக்குது."

முக்காலுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி நிறுத்தலாமா என்றுகூட நினைத்தார்.

இந்தத் தடவையும் போய்விட்டால் என்ன செய்வாய் என்று சமையல்காரர் கேட்டார். செய்தித்தாள்களை மடித்து அடுக்கும் சத்தத்தோடு அந்தப் பெண்மணியின் பதில் வந்தது.

"எங்கக்கா கடையில போய் நிப்பேன். அவ வாய்க்கு என்னால ஆகாது, ஆனா நிப்பேன். பெரியவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கதவு திறந்திருந்தா போதும்ணே."

இப்போது எப்படிக் கண்ணைத் திறப்பது? திறந்தால், கேட்டது தெரிந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியது போலக் கிடந்தார். அவர்கள் நகர்ந்ததும் திறந்துகொள்ளலாம் என்று காத்திருந்தார். சமையல்காரர் போனார். கதவு அடிக்கவில்லை. அதை அவர் கவனித்தார், காரணம் விளங்கவில்லை. யாரோ செல்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டே அவர் பக்கம் வந்தார். அந்தப் பெண்மணியின் குரல் தாழ்ந்து ஏதோ சொல்ல, பேச்சு கூடத்தின் அடுத்த கோடிக்குப் போய்விட்டது. மூடிய இமைக்கு வெளியே இருந்த வெளிச்சமும் குறைந்தது.

மெத்தைமேல் கிடந்து கிடந்து பத்து நிமிடம் என்பது அவர் முதுகுக்கே தெரியும். அந்த எல்லை தாண்டுவதை அவர் உணர்ந்தார். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து ஒரு இருமல் இருமியிருந்தால் அந்தப் பெண்மணி வந்து என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார். முக்கால் இருமவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: சுகமாக இருந்தது. இருபத்தாறு வருடம் அவர் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்ததும் என்ன மார்க் என்றுதான் கேட்டார்கள். தூங்குகிறார், சத்தம் போடாதே என்று அவருக்காக யாரும் யாரையும் அதட்டியதில்லை. தூங்காமலே அந்தத் தூக்கத்தை அவர் அனுபவித்தார்.

கடைசியில் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு முறை மெல்லத் தட்டும் சத்தம். அவரைத் தொடவில்லை.

"சார், உங்க ஃப்ளைட் கூப்பிட இன்னும் கால் மணி நேரம் இருக்கு. முகம் கழுவிட்டு வாங்க, டீ சூடா இருக்கு."

மணி எட்டு முப்பத்தேழு. தலைக்கு மேலிருந்த விளக்கு மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. சமையலறைக் கதவின் இடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகியிருந்தார்கள். முக்கால் நன்றி சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

விமானத்தில் பிசினஸ் கிளாஸ் என்பது எட்டு இருக்கைகளும் ஒரு திரையும். அவரைச் சேர்த்து இரண்டே பேர். ஏறிய மூன்றாம் நிமிடம் ஈரத்துண்டு, ஐந்தாம் நிமிடம் பழரசம், கிளம்பிப் பன்னிரண்டாம் நிமிடம் தட்டு. ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவுவதற்குள் தட்டை எடுக்க வந்துவிட்டார்கள். பணிப்பெண் இருக்கை எண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார். பாவம், அந்த முக்கால் மணி நேரத்தில் முகம் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? எல்லாம் விதிப்படி இருந்தது. படிவத்தை நிரப்பிக் கூட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. முக்கால் கையால் இவ்வளவு மார்க் வாங்கியது அந்த ஆண்டில் அதுதான்.

பிறகு ஓய்வுக்கூடத்தின் படிவத்தைத் திறந்தார். பதினான்காவது கேள்விவரை விரல் தடங்கலில்லாமல் வந்தது. அங்கே நின்றது.

நாற்பத்தேழு என்று போட்டால் கூடம் மூடப்படும். நாலு என்று போட்டால் திறந்திருக்கும். ஒரு இலக்கத்தைக் குறைத்துத் தட்டினால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பூச்சாடிக்கு விலைபோகிற கண்ணைப் பழித்தவர், இரக்கத்துக்கு விலைபோனால் மட்டும் அது வேறா? அதற்காக நாற்பத்தேழையே போடலாமென்றால் அதுவும் ஒட்டவில்லை. அந்த எண் உண்மை. அது சொல்லப்போகும் சேதி பொய். அவரைக் கவனிக்காததால் அல்ல, கவனித்ததால்தான் அந்தப் பெண்மணி அருகில் வரவில்லை. ஒரு கேள்விக்குச் சரியான விடை எழுதியே பொய் சொல்ல முடியும் என்பது அவருக்கு இந்த வயதில் புதிதாக இருந்தது. இதுவரை எழுதிய எத்தனை விடைகள் அப்படியோ என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை அப்போதைக்குத் தள்ளி வைத்தார். விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. பார்க்கப்போனவரின் நடத்தையாலேயே சேவை தடைபட்டிருந்தால் அந்த வருகையை ரத்து செய்யலாம். குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கான கட்டம் அது என்று முக்கால் நினைத்திருந்தார். ஆறு வருடத்தில் அதைத் தொட்டதில்லை. அதில் பெருமையும் இருந்தது.

இறங்கியதும் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையருகே நின்று நிறுவனத்துக்குப் பேசினார். பயணங்களை ஒதுக்கித் தரும் பெண் எப்போதும் அவசரத்தில் இருப்பவள்.

"ரத்தா? நீங்களா சார்?" என்றாள். "உடம்புக்கு எதுவும் இல்லையே?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. தப்பு என் மேல. பதினாலாவது கேள்வியை நான்தான் கெடுத்தேன்."

ரத்து செய்தால் மூன்று மாதம் விமான நிலையம் எதுவும் தரமாட்டார்கள், அந்த ஊருக்கு இனி அனுப்பவே மாட்டார்கள், வேறு ஆளைத் தேட வேண்டும், யோசித்துச் சொல்லுங்கள் என்று அவள் அடுக்கினாள். அந்தக் கூடத்துக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்குமா என்று மட்டும் அவர் கேட்டார். ரத்தானது கணக்கில் வராது, பத்து நாளில் வேறு ஒருவர் போவார் என்றாள்.

"சரி, காரணம்னு என்ன போடட்டும் சார்?"

"தூங்கற மாதிரி கெடந்தேன்னு போடும்மா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடக்கட்டும் என்று நின்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிப்பை அடக்கவில்லை. ஊரையெல்லாம் எடை போட்டவர் இன்றைக்குத்தான் தராசில் ஏறினாரா என்று கேட்டார். சிரித்து முடித்ததும், அவர் தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டே, அந்தப் பெண்மணியின் பெரிய மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். முக்காலுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டதில் அது வரவில்லை.

அடுத்த மூன்று மாதம் அவருக்குக் கிடைத்தவை படகுத்துறைக் கொட்டகைகளும் பேருந்து நிலையக் காத்திருப்பு அறைகளும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கூரையில் ஆணியை எண்ணினார். மைத்துனர் இதைக் கேள்விப்பட்டு முதல் தடவையாக ஆறுதல் அடைந்தார்.

நாலாம் மாதம் நிறுவனத்துப் பெண் கூப்பிட்டு ஒரு விமான நிலையத்தின் பெயரைச் சொன்னாள். தேதியைக் குறித்துக்கொண்ட பிறகு, அந்தச் சின்ன ஓய்வுக்கூடம் என்னாயிற்று என்று கேட்டார். விவரம் தரக் கூடாது என்றாள். பிறகு தானே சொன்னாள். வேறு ஒருவர் போனார், நிறையப் பேசுகிற அம்மா, அவர் கண்ணையும் மூடமாட்டார், வாயையும் மூடமாட்டார். எழுபத்தாறு வாங்கியிருக்கிறது. நாற்காலிக்குத் தையல் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.

"ஆளுங்க?" என்றார் முக்கால்.

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அஞ்சு பேரும் அப்படியேதான் இருக்காங்க சார்."

எழுபத்தாறு போதாது என்று அவருக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்ல உள்ளே போனார்.