மூன்று இடங்களில் ஒரு கேமரா

அலுவலகத்தில் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். முதலில் சொன்னது யார் என்பது பற்றிக்கூட ஒரு ஊகம் வைத்திருந்தார். அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, இது நிஜமான விபத்தா, இல்லை பழைய நசுங்கலைப் புதிதென்று காட்டுகிறார்களா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் வேலை. கதவின் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவுவார், கண்ணை மூடிக்கொள்வார், "இது போன மழைக்காலத்து அடி" என்பார். வண்டிக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்துவிடும். அதுதான் கெடுதலாகப் போயிற்று. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர், சாயங்காலம் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வீட்டுக்குள் வருவார்?

பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். மனைவி சிரித்தால் எதற்கு என்று கேட்பார், சிரிக்காவிட்டாலும் எதற்கு என்று கேட்பார். கல்யாணமான புதிதில் அவள் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், அப்புறம் பழகிக்கொண்டாள். "கோணல்தான், ஆனா கெட்ட மனுஷன் இல்ல" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். அதுவும் உண்மை. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, நர்ஸ் கொண்டுவந்த ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகே வாயில் போட விட்டார். அவருக்குத் தெரிந்த அன்பு அப்படித்தான் இருந்தது.

இந்த வீட்டுக்குத்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, அக்காதான் அவனை வளர்த்து ஆளாக்கினாள். கார் பட்டறையில் டிங்கர் வேலை. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவான், பட்டி பூசித் தேய்ப்பான், பெயின்ட் அடித்தால் அடிபட்ட இடம் எதுவென்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. வாடகைக்கு இருந்த அறையை இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பையோடு வந்தான். கூடத்துக் கட்டிலில் இடம் கிடைத்தது. அக்காவின் முகத்தில் வெகுநாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது.

நம்மவருக்கோ தூக்கம் போயிற்று. தான் எடுக்கும் படத்தை வைத்துத்தான் பட்டறைகளுக்கு வேலை வருவதும் போவதும். பட்டறை ஆள் இப்போது வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறான்! கம்பெனி கொடுத்த கேமராவோ சட்டைப் பையில் அடங்குகிற சின்னச் சாமான். எனவே தினமும் வீடு வந்ததும் அதைப் பிரித்துவிடுவார். கேமரா பீரோவுக்குள். பேட்டரி தலையணைக்கு அடியில். படங்கள் பதிவாகும் கார்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். காலையில் வேலைக்குப் போன இடத்தில்தான் மூன்றும் ஒன்றுசேரும்.

அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கேமரா கோளாறு காட்டத் தொடங்கியது. காலையில் போட்டால் தேதி மாறியிருக்கும். கேமரா பிறந்த வருஷத்து ஜனவரி முதல் தேதியைக் காட்டும். படத்தின் மூலையில் தேதி சரியாக இல்லாவிட்டால் கம்பெனி அந்தப் படத்தைத் தொடாது. உட்கார்ந்து திருத்துவார். மறுநாள் மறுபடியும் ஜனவரி முதல் தேதி.

"யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார் மனைவியிடம்.

"பேட்டரிதான் உங்க தலைமாட்டுல இருக்கே. அது இல்லாம எப்படிங்க கை வெப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேற பேட்டரி வாங்கி வெச்சிருப்பான்" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அவர் விடவில்லை. பீரோக் கதவின் இடுக்கில் தன் தலைமுடி ஒன்றை ஒட்டி வைத்தார். இருந்ததே கொஞ்சம், அதிலும் ஒன்று போயிற்று. காலையில் முடி அப்படியே இருந்தது, தேதி மட்டும் மாறியிருந்தது. முடியைத் திரும்ப ஒட்டி வைக்கிற அளவுக்குக் கைகாரன் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் படங்களெல்லாம் மங்கலாக வந்தன. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் தடம். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மனைவியையும் மச்சினனையும் கூப்பிட்டு நிற்க வைத்து, விரலைக் காட்டச் சொன்னார். மச்சினன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினான். ஒப்பிட்டுப் பார்த்ததில், அவ்வளவு அகலக் கட்டைவிரல் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. அசடு வழிய, துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்த விடாமல் வந்தது ஒரு நீலக் கார். முந்தாநாள் லாரி இடித்தது என்றார் அதன் சொந்தக்காரர். பள்ளத்துக்குள் துரு. முந்தாநாள் அடியில் எங்கிருந்து துரு வரும்? நம்மவர் குனிந்தும் நிமிர்ந்தும் ஆசைதீரப் படம் எடுத்தார். மறுநாள் அலுவலகத்தில் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் மற்ற வண்டிகள் எல்லாம் இருந்தன, நீலக் காரை மட்டும் காணவில்லை. தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டி நின்ற பட்டறைக்கு ஓடினார். அது மச்சினன் வேலை பார்க்கும் பட்டறை. பள்ளம் இருந்த இடம் பளபளவென்று இருந்தது. முதலாளி அவசரமாகச் செய்யச் சொன்னாராம். செய்தது மச்சினன்.

அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எந்த நேரத்துல அழிச்ச?"

"எதை மாமா?"

"நடிக்காதே. துருவ நீ பட்டி போட்டு மூடின. படத்த வீட்டுல வெச்சு மூடின. உன் முதலாளி சொல்லித்தானே?"

"மாமா, உங்க கேமராவ நான் தொட்டதே இல்ல. வேலை குடுத்தாங்க, செஞ்சேன்."

"தொடாம அழியுமா? சோறு போட்ட வீட்டுலயே..."

"ஏங்க, போதும்" என்று குறுக்கே வந்தாள் மனைவி. "அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும். நான் வளத்த பிள்ளை."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவளைப் பேச விட்டால் எதில் போய் முடியும் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் துணிகளைத் திணித்தான். "பட்டறையில படுத்துக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதற்குப் பிறகு புருஷனிடம் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஆனாலும் தான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றுதான் அந்த மனம் கணக்குப் போட்டது. அழித்த படத்தை மீட்க முடியும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கேமரா ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடையில் ஒரு பெண்மணி ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரியை எப்படி நம்புவது? கார்டை உருவித் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு, கேமராவை மட்டும் நீட்டினார்.

அவள் சுவிட்சை அழுத்தினாள். திரையில் நீலக் கார். பள்ளம், பள்ளத்துக்குள் துரு.

"ஏம்மா! கார்டு எங்கிட்ட இருக்கு. படம் உங்க கையில எப்படி வந்துச்சு?" என்று அதட்டினார்.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கார்டு இல்லன்னாத்தான் சார் இது தெரியும். கார்டு போடாம எடுத்தா, படம் கேமரா உள்ளயே கொஞ்ச இடம் இருக்கு, அதுல போய் உக்காந்துக்கும். அப்புறமா கார்ட போட்டீங்கன்னா கேமரா கார்ட மட்டும்தான் காட்டும். கார்டு போட மறந்துட்டு எடுத்திருக்கீங்க."

"நானா? மறப்பேனா?" என்றார். சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்தது. நீலக் காரின் சொந்தக்காரர் காதோரம் நின்று தொணதொணத்துக்கொண்டே இருந்தார். எரிச்சலில் பேட்டரியைப் போட்டதும் படம் எடுக்க ஆரம்பித்தார். எடுத்து முடித்த பிறகு, வண்டியின் பதிவுத் தாளைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்தபோது கூட்டுக்குள் கார்டு கிடந்தது. பழகிப்போன கை அதை எடுத்துக் கேமராவில் செருகியது.

"தேதி வேற மாறிக்கிட்டே இருக்குமே?" என்றாள் அவள். "பேட்டரிய அடிக்கடி கழட்டி வெச்சிடுவீங்களோ?"

"அத உங்ககிட்ட யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். உள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கு, அதுதான் தேதிய ஞாபகம் வெச்சுக்கும். பெரிய பேட்டரி உள்ள இருந்தாத்தான் அது சார்ஜ் ஆகும். இது பழைய கேமரா, ராத்திரி முழுக்க தாங்காது. கழட்டாம இருங்க, அது போதும்."

அவர் கடையை விட்டு வெளியே வந்தார். கேமராவில் யாரும் கை வைக்கவில்லை. யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று அவர் செய்த காவல்தான் எல்லாவற்றையும் செய்தது. வெட்கம் தாங்கவில்லை. பட்டறைக்கு நடந்தார்.

மச்சினன் ஒரு கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"மாப்ள, படம் கிடைச்சிடுச்சு" என்றார் மூச்சு வாங்க. "உள்ளயே இருந்திருக்கு. உம்மேல தப்பு இல்ல. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "கிடைக்காம போயிருந்தா மாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. "நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

"ம்" என்றான் அவன். "அக்காவ நான் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அக்கா அன்றுதான் மறுபடி வாய்விட்டுச் சிரித்தாள். கேமரா சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திறந்த இடத்தில் கிடந்தது, உள்ளே பேட்டரி, உள்ளே கார்டு, தேதியும் சரி. அவர் வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருந்தார். மச்சினன் அந்தப் பக்கம் வராமல் மேசையைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். பள்ளத்தைத் தடவியே கதை சொல்கிற மனிதருக்கு இது தெரியாமல் போகுமா? பார்த்தார்.

சாப்பிட்டு எழுந்து மூவரும் கை கழுவினார்கள். அவர் கேமராவை எடுத்து அவனிடம் நீட்டினார். "மாப்ள, என்னையும் அக்காவையும் ஒரு படம் எடேன்."

அவன் கைகள் இரண்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின.

"கையில கிரீஸ் மாமா" என்றான்.

அவன் இப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பொய் என்று நன்றாகத் தெரிந்தும், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் எதுவும் கேட்கவில்லை.